சாப்பிடாம வந்துட்டா

மூக்குத்தி கழலவில்லை. தாலிச் சங்கிலி, வளையல், மெட்டி எல்லாம் சொன்ன பேச்சைக் கேட்டுக் கழன்று ஒரு பிளாஸ்டிக் கவருக்குள் போய்விட்டன. முப்பது வருஷக் குடித்தனம் மொத்தமும் உள்ளங்கை அகலக் கவர் ஒன்றில் அடங்கிவிடும் என்று மங்கையர்க்கரசி நினைத்ததில்லை. இந்த ஒற்றைக்கல் மூக்குத்திதான் அடம் பிடித்தது. நர்ஸ் பெண் திருகிப் பார்த்தாள், வழுக்குகிறதென்று பஞ்சால் துடைத்துவிட்டுத் திருகினாள், ஏதோ ஜெல்லைத் தடவித் திருகினாள். மங்கைக்குக் கண்ணில் தண்ணீர் வந்ததுதான் மிச்சம். "எத்தனை வருஷமாம்மா போட்டிருக்கீங்க?" "உன் வயசைவிட அதிகம். விடும்மா, மூக்கோட சேர்ந்து வந்துரப் போகுது." அந்தப் பெண் சிரித்தாள். சிரிக்கத்தான் தெரிகிறது, ஒரு திருகாணியைக் கழற்றத் தெரியவில்லை. இதற்கு முன்னால் நாலு தடவை நெஞ்சில் கத்தி வைத்திருக்கிறார்கள். நாலு தடவையும் மரத்துப்போக ஊசி போட்டு, மூக்குத்தி மேல் ஒரு பிளாஸ்திரியை ஒட்டிச் சமாளித்துவிட்டார்கள். இந்தத் தடவை முழு மயக்கம். உடம்பில் குண்டூசித் தலை அளவு உலோகம்கூட இருக்கக் கூடாதாம். உள்ளே மார்புக்குள் முழ நீளத்துக்கு ஒன்றல்ல, இரண்டு கம்பி கிடக்கிறது, அதை எடுக்கத்தான் இத்தனை பாடு, வெளியே இருக்கும் இந்தக் கடுகுதான் இவர்களுக்குக் கண்ணை உறுத்துகிறது. "உங்க வீட்டு ஆளுங்க வெளிய இருக்காங்கல்ல, யாரை வரச் சொல்லட்டும்?" என்றாள் நர்ஸ். வெளியே இருப்பது இரண்டு பேர். ஒருவர் சிதம்பரநாதன், அவள் புருஷன், மின்வாரியத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். ஊருக்கே கரண்ட் கொடுத்த மனுஷன், வீட்டில் ஊறுகாய் பாட்டில் மூடியை எந்தப் பக்கம் திருப்புவது என்று யோசித்துக்கொண்டு நிற்பார். இன்னொருத்தி ஆதிரை, மகள், ஒரே மகள், தை மாதம் கல்யாணம், மூன்று நாளாக அம்மாவிடம் பேச்சு இல்லை. "மகளை வரச் சொல்லு" என்றாள் மங்கை. சொல்லிவிட்டு, ஏன் சொன்னோம் என்றிருந்தது.

போகிற போக்கில் நர்ஸ் திரும்பி, "ராத்திரிக்கப்புறம் எதுவும் சாப்பிடலையேம்மா? காப்பி, தண்ணி?" என்று கேட்டாள். "சாப்பிடாமத்தான் வந்திருக்கேன்." பதில் வாயை விட்டுப் போன பிறகுதான் அது அவள் காதில் விழுந்தது. சாப்பிடாம வந்துட்டா. வேண்டாம், அங்கே போகாதே. கடிகாரத்தைப் பார். பச்சைத் திரைக்கு மேலே சுவரில் வெள்ளை முகக் கடிகாரம், வினாடி முள் ஒவ்வொரு அடிக்கும் ஒரு நடுக்கம் நடுங்கி நிற்கிறது. ஏழு அடிக்க ஐந்து நிமிஷம். ஏழரைக்கு உள்ளே தள்ளிக்கொண்டு போவார்கள். குளிர். மதுரையில் ஐப்பசியில் இப்படிக் குளிர வேண்டுமானால் காசு கொடுத்து ஆஸ்பத்திரியில்தான் படுக்க வேண்டும். இடது தோள்பட்டைக்குக் கீழே, கட்டுத்துணிக்கு அடியில், பேஸ்மேக்கர் பெட்டி சுடுகிறதா, சுடுகிற மாதிரி தோன்றுகிறதா? நேற்று சாயங்காலம் டாக்டர் ஜெயசீலன் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, அவள் குடித்து வைத்திருந்த இளநீரின் ஸ்ட்ராவை எடுத்து, தன் பேனாவைப் பிரித்து ரீஃபிலை அதற்குள் விட்டுக் காட்டினார். "ரீஃபில்தான் உங்க ஒயர். முப்பத்தொரு வருஷமா நாளத்துக்குள்ள கெடக்கு. உடம்பு சும்மா இருக்குமா? அங்கங்க சதை வளர்ந்து ஒயரையும் நாளத்தையும் ஒண்ணா ஒட்டிப் பிடிச்சிருக்கும். வெடுக்குன்னு இழுத்தா ஒயர் வராது, நாளம் கிழியும். அதனால ஒயர் மேலயே இந்த மாதிரி ஒரு குழாயை ஏத்தி, ஒட்டினதை மட்டும் கொஞ்சம் கொஞ்சமா அறுத்துக்கிட்டே ஹார்ட் வரைக்கும் இறங்கணும். நெஞ்சைத் திறக்க மாட்டோம்." "கிழிஞ்சா?" "கிழிஞ்சா திறந்துதான் ஆகணும், நிமிஷக் கணக்குல. சர்ஜன் பக்கத்துலயே நிப்பார். நூறு பேருக்கு ஒருத்தர் ரெண்டு பேருக்கு அப்படி ஆகலாம்." "அந்த ஒருத்தி யாருன்னு முன்கூட்டியே எழுதி வெச்சிருப்பீங்களோ?" அவர் சிரிக்கவில்லை. ரீஃபிலை மறுபடி பேனாவுக்குள் போட்டுத் திருகினார். "எடுக்காம விட்டா சீழ் அந்த ஒயர் வழியாவே ஹார்ட்டுக்குப் போயிரும்மா. அப்புறம் எந்த மருந்தும் கேக்காது." நல்ல மனுஷன். பொய் சொல்லாத மனுஷன். அவருக்குப் போய், வேண்டாம், கடிகாரத்தைப் பார்.

இருபத்தொரு வயதில் வைத்த கம்பி. காலேஜில் மாடிப்படி ஏறும்போது, கோயில் வரிசையில் நிற்கும்போது, காரணமே இல்லாமல் பொத்தென்று விழுவாள். ஒரு டாக்டர் நாடியைப் பிடித்து, நிமிஷத்துக்கு முப்பத்தாறு என்றார், ஆமை தோற்றுவிடும் என்றார். பெட்டி வைத்தார்கள். தையல் பிரித்த அன்றைக்கே அம்மா தையல்காரியைக் கூப்பிட்டு எல்லா ரவிக்கைக்கும் கழுத்தை ஏற்றித் தைக்கச் சொன்னாள். பெண் பார்க்க வந்தவர்களிடம், கேட்காத கேள்விக்கே, "சின்னதுல ஒரு கட்டி வந்து அறுத்தது, தழும்பு இருக்கும்" என்றாள். கல்யாணத்தன்று ராத்திரி சிதம்பரநாதன் அந்த மேட்டின் மேல் விரலை வைத்து, "உள்ள என்ன?" என்றார். "பேட்டரி." அழுவதற்குத் தயாராக இருந்தாள், அடிப்பார், கத்துவார், அம்மாவைக் கூப்பிடுவார் என்று எல்லாவற்றுக்கும் தயாராக இருந்தாள். மனுஷன் விரலை எடுக்காமலே, "எத்தனை வருஷம் வரும்?" என்றார். "எட்டு." "பரவால்லையே" என்றார். அவ்வளவுதான். அவருடைய அம்மா பதினெட்டு வருஷம் கூடவே இருந்து, மருமகளுக்கு அடிக்கடி கர்ப்பப்பைக் கோளாறு என்று நம்பிக்கொண்டே போய்ச் சேர்ந்தாள். எட்டு வருஷத்தில் பெட்டியை மாற்றும்போது கம்பியில் உறை விரிசல் விட்டிருக்கிறது என்று புதுக் கம்பி ஒன்றைப் போட்டு, பழசை முனையில் மூடி உள்ளேயே விட்டுவிட்டார்கள்; எடுப்பதுதான் ஆபத்து, கிடந்துவிட்டுப் போகட்டும் என்றார்கள். அன்றைக்கு அவர் மட்டும்தான் முணுமுணுத்தார். "டெட் ஒயரை லைன்ல விட்டு வெக்கப்படாது மங்க. எங்க ஆபீஸ்ல வெச்சா மெமோ குடுத்துருவான்." "ஒங்க ஆபீஸ்ல மூணு மணிக்கு மேல லைன்ல கரண்டே இருக்காது, பேச வந்துட்டாரு" என்றாள் இவள். இருபத்து மூன்று வருஷம் கழித்து அந்த மெமோ வந்திருக்கிறது.

மெமோ ஆடியிலேயே வந்தது. குளிக்கும்போது பெட்டி மேல் தோல் சிவந்திருப்பதைப் பார்த்தாள், தொட்டால் வெதுவெதுவென்று இருந்தது. ஆவணியில் ஆதிரைக்கு நிச்சயதார்த்தம். இப்போது ஆஸ்பத்திரி என்று கிளம்பினால் சம்பந்தி வீட்டில் என்ன ஏது என்று கேட்பார்கள், நெஞ்சு என்று தெரிந்தால் அம்மாவுக்கு வந்தது மகளுக்கு வராதா என்பார்கள், கேட்க மாட்டார்கள், நினைப்பார்கள்; கேட்டாலாவது பதில் சொல்லலாம். மஞ்சளைக் குழைத்துப் போட்டாள். அதன் மேல் பிளாஸ்திரி. அதன் மேல் அரக்குப் பட்டு ரவிக்கை, கழுத்து வரை. "ஸ்கூல் ஹெச்செம் மாதிரி இருக்கீங்க மதினி" என்றாள் சம்பந்தி அம்மாள் பார்வதிநாச்சியார். "ஒங்க மகன் எப்படியும் படிப்பில வீக்காம்ல, அதான்" என்று இவள் சொல்ல எல்லாரும் சிரித்தார்கள். சிரிக்கும்போது உள்ளே இழுத்தது. புரட்டாசியில் தோல் மெலிந்து விட்டுக்கொடுத்து, பெட்டியின் ஒரு மூலை, எவர்சில்வர் கரண்டி விளிம்பு மாதிரி, பளிச்சென்று எட்டிப் பார்த்தது. கண்ணாடி முன்னால் நின்று அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். முப்பத்தொரு வருஷம் ஒளித்து வைத்ததற்கு அதுவாகவே வெளியே வர ஆசை வந்துவிட்டது. அப்போதும் போகவில்லை. முகூர்த்தப் பட்டு எடுத்துவிடலாம், அதற்கப்புறம் பார்த்துக்கொள்ளலாம். ஐப்பசி பிறந்து பட்டெடுக்கப் போனார்கள், இரண்டு வீட்டுப் பெண்களும். கடையில் மூன்று மணி நேரம். ஆதிரை ஒரு மயில்கழுத்துப் புடவையைத் தோளில் போட்டுக் கண்ணாடியில் பார்த்துக்கொண்டிருந்தவள், சட்டென்று கையை நீட்டிக் கண்ணாடி மேஜையைப் பிடித்தாள். முகம் சாம்பல் பூத்துவிட்டது. ஐந்து வினாடி, ஆறு வினாடி. பார்வதிநாச்சியார், "என்னம்மா, என்ன செய்யுது?" என்றாள். ஆதிரை நிமிர்ந்து சிரித்தாள். "ஒண்ணுமில்ல அத்தை. காலையில சாப்பிடாம வந்துட்டேன்." மங்கை குனிந்து ஒரு முந்தானையின் ஜரிகையைப் புரட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். அது உண்மை ஜரிகைதானா என்று விற்பனைக்காரனைக் கேட்டாள். சத்தமாகக் கேட்டாள். அன்றைக்கு ராத்திரியே காய்ச்சல் தூக்கிப்போட்டது; மறுநாள் சிதம்பரநாதன் கட்டைப் பிரித்துப் பார்த்துவிட்டு, காரை வரச் சொன்னார்.

சாப்பிடாம வந்துட்டேன். அந்த ராகம் எங்கே கற்றுக்கொண்டாள் என்று மங்கைக்குத் தெரியும். பாளையங்கோட்டைக் கான்வென்ட்டில், அம்மாவும் மகளும் படித்த அதே கான்வென்ட்டில், எட்டாம் வகுப்பில். காலைப் பிரார்த்தனைக்கு வரிசையில் நிற்கும்போது மகள் விழுந்துவிட்டாள் என்று போன் வந்து ஆட்டோ பிடித்து ஓடினாள். ஆபீஸ் ரூம் பெஞ்சில் ஆதிரை படுத்திருந்தாள், வெள்ளைச் சட்டையில் செம்மண், கையில் பாதி குடித்த குளுக்கோஸ் தண்ணீர். பக்கத்தில் சிஸ்டர் இமெல்டா. மங்கைக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்த சிஸ்டர், இன்னும் சாகவில்லை, இன்னும் மறக்கவில்லை. "நீயும் இங்கதான விழுவே மங்கை, கொடிக்கம்பத்துக்குப் பக்கத்துல. ஒன்னைய நாந்தான தூக்கிட்டு வருவேன். பிள்ளைய டாக்டர்ட்ட காட்டு. ஹார்ட்டுக்குக் காட்டு." பெஞ்சுக்கு எதிரே ஜன்னல் வழியாகச் சிற்றாலயம் தெரிந்தது. சின்ன வயதில் அங்கே பாவசங்கீர்த்தனக் கூண்டை எட்டிப் பார்த்திருக்கிறாள். கிறிஸ்தவப் பிள்ளைகள் மண்டியிட்டு மரச் சல்லடைக்கு அந்தப் பக்கம் எதையோ முணுமுணுத்துவிட்டு, குளித்த முகத்தோடு வெளியே வருவார்கள். பொறாமையாக இருக்கும். சைவப் பிள்ளைகளுக்குத் திருநீறு உண்டு, அந்தக் கூண்டு கிடையாது. "அதெல்லாம் ஒண்ணுமில்ல சிஸ்டர்" என்றாள் மங்கை. "சாப்பிடாம வந்துட்டா. சுட்டு வெச்ச தோசை அப்படியே கெடக்கு." மூன்று தோசை. கல்லில் இருந்து எடுத்துத் தட்டில் வைத்தது இவள் கைதான், தேங்காய்ச் சட்னி தொட்டு மூன்றையும் தின்றுவிட்டுத்தான் போனாள். சிஸ்டர் பெஞ்சைப் பார்த்தார். "அப்படியாட்டி? சாப்பிடலையா நீ?" ஆதிரை அம்மாவைப் பார்த்தாள். பதின்மூன்று வயது. அம்மாவின் முகத்தில் என்ன எழுதியிருந்ததோ, அதைப் படித்துவிட்டு, வயிற்றுக்குள் மூன்று தோசையோடு, "ஆமா சிஸ்டர்" என்றாள். சிஸ்டர் அவள் கையிலிருந்த குளுக்கோஸ் தண்ணீரை வாங்கிக் கீழே வைத்தார். கணக்கு தப்பாக வரும்போது நோட்டைத் திருப்பிக் கொடுப்பாரே, அந்த முகம்.

ஏழு பத்து. அன்றைக்கே எடுத்திருக்க வேண்டியது ஒரு ஈசிஜி. ஐந்து நிமிஷ வேலை, நெஞ்சில் ரப்பர் குமிழ்களை ஒட்டி எடுத்தால் ஒரு தாள் வரும். அந்தத் தாளுக்குத்தான் பயம். ஆஸ்பத்திரித் தாளுக்குக் கால் உண்டு. ஆஸ்பத்திரியில் ஒரு சொந்தக்காரன் வேலை பார்ப்பான், அவன் பெண்டாட்டிக்கு ஒரு அக்கா இருப்பாள், பெண் பார்க்க வருகிறவர்களுக்கு முன்னால் தாள் போய் உட்கார்ந்திருக்கும். தாள் எடுக்காவிட்டால் நோய் இல்லை. இப்படித்தான் யோசித்தாளா? இங்கிலீஷ் மீடியம் படித்தவள், பேப்பரில் டாக்டர் பதில்களை வாசிக்கிறவள், பக்கத்து வீட்டுக்காரிக்கு மாத்திரை சொல்கிறவள், இப்படித்தான் யோசித்தாள். சேர்த்த அன்றைக்கு காஷுவாலிட்டியில் கேட்டார்கள், குடும்பத்தில் வேறு யாருக்காவது? இல்லை. வார்டில் கேட்டார்கள். இல்லை. ஜெயசீலன் கேட்டார், ஸ்ட்ராவைக் கீழே வைத்துவிட்டு, நிதானமாக. "சின்ன வயசுலயே ஹார்ட் கரண்ட்டுல இந்த பிளாக் வந்திருக்கு. சில வீட்டுல வழிவழியா வரும். மகளுக்கு எப்பவாச்சும் மயக்கம், தலைசுத்தல்?" "இல்ல டாக்டர்." எதிர்ச் சுவரில் சாய்ந்து ஆதிரை நின்றிருந்தாள். அவள் முகத்தை மங்கை பார்க்கவில்லை. அதற்கு இரண்டு நாள் முன்னால்தான் சண்டை: சம்பந்தி வீட்டில் பித்தப்பையில் கல் என்று சொல்லு என்று இவள் சொல்ல, "இன்னும் எத்தனை நாளைக்கும்மா?" என்று கேட்டுவிட்டு எழுந்து போனவள்தான். அதோடு பேச்சு நின்றது. சாவுக்குப் பயம் இல்லை என்று மங்கை சொல்ல மாட்டாள். குளிர்கிறது, பயமாக இருக்கிறது, நாக்கு ஒட்டுகிறது. ஆனால் நாளம் கிழிந்து, நெஞ்சைத் திறந்து, திறந்தபடியே போய்விட்டால்? போனால் போகட்டும், ஐம்பத்திரண்டு வருஷத்தில் முப்பத்தொரு வருஷம் பெட்டி போட்ட பிச்சை. கூடவே அந்த மூன்று தோசையும் போய்விடும். சிஸ்டர் இமெல்டா போன வருஷம் போய்விட்டார். சிதம்பரநாதனுக்கு அன்றைக்கு வெளியூர் டூட்டி, அவரிடமும் அதே தோசையைத்தான் சொன்னாள். மகள் தன்னைத்தானே நம்பவைத்துவிட்டாள். பிறகு ஒருநாள் யாரோ ஒருத்தர் வீட்டு மாடிப்படியில், கையில் காப்பித் தம்ளரோடு, சாப்பிட்ட வயிற்றோடு அவள் விழுவாள், பார்வதிநாச்சியார் மேலே நின்றுகொண்டு, சாப்பிடாம இருந்துட்டா போலிருக்கு என்பாள்.

திரை விலகியது. ஆதிரை தலையில் பச்சைத் தொப்பி மாட்டி, யாரோ கொடுத்த பெரிய அங்கிக்குள் நின்றாள், கல்யாணப் பெண் மாதிரியே இல்லை. "மூக்குத்தியாம்" என்றாள், அம்மாவிடம் இல்லை, மூக்குத்தியிடம். குனிந்தாள். சோப்பு வாசனை, கூடவே ஆஸ்பத்திரிக் கேண்டீன் பொங்கல் வாசனை. சாப்பிட்டிருக்கிறாள். நல்லது. இடது கையால் மூக்கு மடலைப் பிடித்துக்கொண்டு வலது சுண்டுவிரல் நகத்தை உள்ளே விட்டுத் துழாவினாள். மங்கைக்குக் கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. மகளின் இடது மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். "ஆட்டாதம்மா" என்றாள் ஆதிரை. மூன்று நாளில் முதல் வார்த்தை. "நான் ஆட்டலட்டி." மூன்று விரல், கட்டைவிரலுக்குக் கீழே உள்ள பள்ளத்தில். கட்டைவிரலால் பார்க்கக் கூடாது, அதற்கே ஒரு நாடி உண்டு, நம்மை ஏமாற்றிவிடும். ஒன்பதாம் வகுப்பு முதலுதவி வகுப்பில் ஒருத்தி கையை ஒருத்தி பிடித்துக் கற்றுக்கொண்டது. மங்கை விரல்களை வைத்துவிட்டுச் சுவரைப் பார்த்தாள். முள் பன்னிரண்டில் நடுங்கியது. ஒன்று. இரண்டு. எங்கே மூன்று? வந்தது. எதிரே தாய் நூறில் ஒருத்தியாகப் போகலாம் என்று கிடக்கிறாள், மகளுக்கு நாடி எப்படி ஓட வேண்டும், குதிரை மாதிரி ஓட வேண்டாமா? ஒன்பது. பத்து. கூட்டத்துக்கு நடுவே வழி கேட்டுக் கேட்டு வருகிற மாதிரி வருகிறது. "எல்லாரும் இறுக்கிட்டே இருந்திருக்கீங்க" என்றாள் ஆதிரை, "இது அந்தப் பக்கம் சுத்தணும்." இருபத்திரண்டு, முள் ஆறைத் தாண்டிவிட்டது. தப்பாக எண்ணுகிறோம். சரியாக எண்ணு. கண் கலங்கி முள் இரண்டாகத் தெரிந்தது, வலியால்தான், மூக்கைப் பிடித்திருக்கிறாளே. நாற்பது. நாற்பத்தொன்று. முள் பன்னிரண்டுக்கு வந்தது. நாற்பத்தொன்று. "வந்துட்டு" என்றாள் மகள். உள்ளங்கையில் கல்லும் திருகாணியும், கொஞ்சம் ரத்தம். மூக்கில் அந்த இடம் சில்லென்று திறந்து கிடந்தது.

ஏழு இருபத்தைந்து. மயக்க மருந்துக்கார டாக்டர் அம்மா ஒரு அட்டையில் காகிதத்தைக் கவ்வவைத்துக்கொண்டு வந்தாள். சின்னப் பெண், தூக்கம் போதாத கண். பின்னால் கட்டிலைத் தள்ளுகிற இரண்டு ஆட்கள். "பேரு சொல்லுங்கம்மா." "மங்கையர்க்கரசி." "என்ன ஆபரேஷன்னு தெரியுமா?" "பழைய ஒயரை எடுக்கப் போறீங்க. நாளம் வழியா." "பல்செட்டு?" "எல்லாம் சொந்தப் பல்லு." "அலர்ஜி?" "எங்க சம்பந்தி வீட்டு சாம்பார்." அந்தப் பெண் பேனாவை நிறுத்திப் பார்த்தாள், பிறகு சிரிக்காமல் இல்லை என்ற கட்டத்தில் டிக் போட்டாள். "மேடம் போகலாம்" என்று ஆதிரையிடம் நர்ஸ் சொன்னாள். ஆதிரை கையை உருவினாள். மங்கை விடவில்லை. "வீட்டுல வேற யாருக்காவது ஹார்ட் பிரச்சினை, மயக்கம், ஏதாவது?" பேனா ஏற்கெனவே இல்லை என்ற கட்டத்துக்கு மேல் வந்து நின்றுவிட்டது, ஜெயசீலன் எழுதியதைப் பார்த்துத்தான் நிரப்புகிறாள்.

"இருக்கு" என்றாள் மங்கை.

பேனா நின்றது. "யாருக்கும்மா?"

"இவளுக்கு. எம் மக. பேரு ஆதிரை, வயசு இருபத்தாறு. இப்ப நாடி நாப்பத்தொண்ணு. முழு நிமிஷம் பாத்தேன், இந்தக் கடிகாரம் சரியா ஓடுதுன்னா." "எம்மா" என்றாள் ஆதிரை. "சும்மா இருட்டி. எட்டாங்கிளாஸ்ல மயங்கி விழுந்தா. போன வாரத்துக்கு முந்தின வாரம் ஜவுளிக்கடையில விழப் பாத்தா. நடுவுல எத்தனை தடவைன்னு எனக்குத் தெரியாது, அவகிட்ட கேளுங்க, நான் கேட்டதில்ல. டாக்டர் ஜெயசீலன்ட்ட நான் சொன்னது பொய். என்னைய உள்ள தள்ளுறதுக்கு முன்னால அவருக்குச் சொல்லிருங்க, இவளுக்கு இன்னைக்கே ஒரு ஈசிஜி எடுக்கச் சொல்லுங்க. நான் கண்ணு முழிக்கிறதுக்கெல்லாம் காத்துட்டு இருக்க வேண்டாம்." மூச்சு வாங்கியது. இன்னும் ஒன்று பாக்கி. இத்தனை நேரம் சொன்னதெல்லாம் சுலபம், இதுதான் நாளத்தோடு ஒட்டிக் கிடப்பது. "அன்னைக்கு அவ சாப்பிடாம வரல. ஸ்கூல்ல விழுந்த அன்னைக்கு. மூணு தோசை சாப்பிட்டிருந்தா. நாந்தான் சுட்டுப் போட்டேன்."

டாக்டர் பெண் எழுதிக்கொண்டிருந்தாள். தோசையை எங்கே எழுதுவாளோ. யாரோ காலடியில் பிரேக்கை மிதித்து விடுவித்தார்கள், கட்டில் லேசாக அசைந்தது, கூரை விளக்கு ஒன்று நகர்ந்து தலைக்கு மேல் வந்தது. ஆதிரை கட்டிலோடு கூடவே நடந்தாள், கையை உருவவில்லை இப்போது. கதவு வரை வந்தாள். குனிந்தாள்.

"நாலு" என்றாள், அம்மாவின் காதில். "நாலு தோசைம்மா. காலையில நீ போன் எடுக்கப் போனப்ப ஒண்ணு எடுத்துப் போட்டுக்கிட்டேன்."